உஷார்! உங்கள் தலைக்கு மேல் ஒன்றரை டன் மண்

எட்டு அடி நீளம், நாலு அடி அகலம், ஓர் அடி உயரம். மொட்டை மாடியில் காய்கறி போட நினைக்கும் பலர் மனத்தில் வைத்திருக்கும் மேட்டுப்பாத்தியின் அளவு இது. நாலு பக்கமும் பலகை அடித்து, தோட்ட மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டால் எடை என்ன ஆகும்? ஏறக்குறைய ஒன்றரை டன். இரண்டு ஆல்டோ கார்களை மாடியில் ஏற்றி நிறுத்தியதற்குச் சமம். காரையாவது மறுநாள் இறக்கிவிடலாம். பாத்தி அங்கேயேதான் இருக்கும், வருடக்கணக்கில், ஈரத்தோடு. கீழே அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்கலாம். ஆமாம், பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். ஆடி வந்தால் விதைக்கடையில் கூட்டம் அலைமோதுகிறது. எந்தக் கத்திரி நன்றாகக் காய்க்கும், வெண்டைக்கு இடைவெளி எவ்வளவு என்று கேட்கிறோம். செடி உட்காரப்போகும் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சந்தைக் காய்கறியில் மருந்தடிக்கிறார்கள் என்ற பயத்தில்தான் பாதிப்பேர் வீட்டுத் தோட்டத்துக்கே வருகிறார்கள். வந்தவர்கள் சும்மா கிடைத்த பலகை, பழைய டிரம், ஊரிலிருந்து சித்தப்பா கொடுத்தனுப்பிய மருந்து பாட்டில் என்று அதைவிடக் கொடிய விஷத்தைத் தாங்களே வீட்டுக்குள் சுமந்து வருகிறார்கள்.

முதலில் எடை. எந்தத் தளம் எவ்வளவு சுமை தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர விதிநூல் ஒன்று உண்டு. ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, 1987. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான மாடிக் கூரைக்கு அது சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். நம் கணக்கில் சுமார் 150 கிலோ, சதுர அடிக்கு 14 கிலோ. ஆட்கள் ஏறாத கூரை என்றால் அதில் பாதிதான். ஓர் அடி ஆழத்துக்கு நனைந்த மண்ணோ சதுர அடிக்கு 45 முதல் 50 கிலோ வரை கனக்கும். விதிநூல் சொல்லும் சுமையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதன்மேல் நீங்களும் ஏறி நின்று களை பறிப்பீர்கள்.

கொத்தனாரைக் கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார், நான் கட்டினது, யானை ஏறினாலும் தாங்கும்" என்பார். அவர் மீது குற்றமில்லை; தன் வேலையை யார் விட்டுக்கொடுப்பார்கள்? கட்டடத்தில் கூடுதல் வலு வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வலு மோசமான மணலுக்கும், மெலிந்த கம்பிக்கும், சரியாக நீராட்டாத கான்கிரீட்டுக்கும், முப்பது வருட முதுமைக்கும் வைத்த காப்பு. உங்கள் தக்காளிக்கு வைத்ததல்ல. அதில் பாதியைக் கட்டும்போதே யாராவது சாப்பிட்டிருப்பார்கள். பாத்தி போட்ட அன்றே தளம் இடிந்து விழாது, அதுதான் ஆபத்தே. மெல்லத் தொய்யும். மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியாக ஈரம் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். ஒருநாள் சாப்பாட்டு மேசை மேல் சிமென்ட் பாளம் பாளமாக உதிரும்.

செம்மண்ணைக் குறைத்து, தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் எடை குறையாதா? குறையும். ஆனாலும் நனைந்த நிலையில் கன அடிக்கு 25 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். மாடி முழுக்கப் பரப்பினால் அதுவும் அதிகம்தான். அதனால் மாடியில் நீளமான பாத்தி என்ற எண்ணத்தையே முதலில் விட்டுவிடுங்கள். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். கத்திரி, மிளகாய், தக்காளிக்கு ஓர் அடி வேண்டும், அதற்குப் பை இருக்கிறது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தளைகளில் (கிட்) பையும் நார்க்கழிவும் இருந்தது சும்மா இல்லை. பைகளை நெருக்கியடித்து வைக்காமல் ஆள் நடக்கும் இடைவெளி விட்டு, கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின்மேல் வரிசையாக வையுங்கள். அறையின் நட்டநடு உச்சியில் வேண்டாம். சன்ஷேடிலும், சுவரைத் தாண்டி வெளியே நீளும் பால்கனியிலும் வேண்டவே வேண்டாம். அவை ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ளவை. போனால் சொல்லிக்கொண்டு போகாது.

பழைய சென்னை வீடுகளில் தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை இருக்கும், மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அதன் மேல் துளசி மாடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வீடானாலும் பெரிதாகச் செய்யும் ஆசை இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் தளத்தைச் சரிசெய்யும் செலவில் ஒரு மூலைக்கு வராது.

கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டுவது நம் ஊரில் பரவலான வழக்கம். ஒரு பக்கப் பலகை மிச்சமாகிறதே! மூன்றடிச் சுவருக்குப் பக்கத்தில் ஒன்றரையடி உயரப் பெட்டி வைத்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது படிக்கட்டு. ஏறி நின்றால் சுவர் அவன் முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். இதை நினைத்துப் பார்த்த பிறகும் சுவரோரம் பாத்தி கட்டுபவரிடம் எனக்கு வேறு பேச்சில்லை. சுவரின் மேலேயே தொட்டி அடுக்குபவர்கள், தெருவில் நடப்பவர்களும் மனிதர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் பாத்தி மண் கரைந்து ஓடி, இலைச் சருகோடு சேர்ந்து, மாடி மூலையிலுள்ள வடிகால் குழாயின் வாயை அடைக்கும். மாடி தொட்டியாகிவிடும். நாலு அங்குலம் தண்ணீர் தேங்கினாலே சதுர அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். பாத்தியின் எடை, மழையில் ஊறிய மண்ணின் எடை, தேங்கிய நீரின் எடை மூன்றும் ஒரே இரவில் சேரும். குழாய் வாயில் கம்பிவலைக் கூடை கவிழ்த்து வையுங்கள். ஐப்பசிக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே எவ்வளவு வேகமாக வந்து விழுகிறது என்று பாருங்கள்.

பெட்டியைத் தரையோடு தரையாக வைக்கவும் கூடாது. தட்டோடுகளின் இடுக்கில் வேர் நுழைய வழி தேடும், ஈரம் காயாது. செங்கல் உயரத்துக்காவது தூக்கி, அடியில் காற்றும் துடைப்பமும் போகும்படி வையுங்கள். அடியில் தார்ப்பாய் விரித்துவிட்டேன், கசியாது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தார்ப்பாயில் ஓட்டை விழுவது மேலிருந்து தெரியாது, கீழே கூரையில் வெள்ளை பூத்த பிறகுதான் தெரியும். கூரையில் துருநிறக் கோடு, உப்பிய பூச்சு, தட்டினால் டொப்பென்ற ஓசை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தப் பகுதிக்கு மேலே உள்ளதையெல்லாம் அன்றே இறக்கிவிட வேண்டும்.

வெயிலுக்கு நிழல்வலை கட்டுகிறீர்கள். சரி, கத்திரி வெயிலில் அது இல்லாமல் செடி கருகும். ஆனால் காற்றடிக்கும்போது நிழல்வலை பாய்மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களே வேரோடு சாய்ந்தன. இரும்புக் குழாயில் கயிற்றால் கட்டிய வலை எம்மாத்திரம்? புயல் எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வையுங்கள். கம்பம் நடும்போதும், நீளமான ஜி.ஐ. குழாயைத் தூக்கி நிமிர்த்தும்போதும், பக்கத்தில் மின்வாரியக் கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது என்று அண்ணாந்து பாருங்கள். சொட்டுநீர் மோட்டார், டைமர் என்று ஈர மாடியில் மின்சாரம் இழுப்பவர்கள் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தாமல் சுவிட்சைத் தொடக்கூடாது.

இனி தரைக்கு வருவோம். "எங்களுக்கு மாடிப் பிரச்சினையே இல்லை, கொல்லையிலேயே இடம் இருக்கிறது" என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

பாத்தியை எங்கே போடப்போகிறீர்கள்? வீட்டுச் சுவரை ஒட்டித்தானே? அங்கேதான் கரையான் மருந்து இருக்கிறது. வீடு கட்டும்போது அடித்தளத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றுவது வழக்கம். இப்போது குளோர்பைரிபாஸ் அல்லது இமிடாகுளோபிரிட். அதற்கு முந்தைய காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன் போன்றவை. இவை மண்ணில் பல்லாண்டு அழியாமல் கிடக்கக்கூடியவை. கரையான் வரக்கூடாது என்று காசு கொடுத்து ஊற்றிய நஞ்சிலேயே அரைக்கீரை விதைப்பதா? எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. சுவரை ஒட்டி ஈரமண்ணைக் குவித்தால், மருந்து இல்லாத மேல்மண் வழியாகக் கரையான் பாலம் கட்டிச் சுவருக்குள் ஏறும். சுவரும் ஈரம் உறிஞ்சும். சுவரிலிருந்து நாலைந்து அடியாவது தள்ளிப் போங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் உறிஞ்சுகுழிக்கும் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்தேன். அங்கேதான் வாழை நன்றாக வருகிறது என்று பெருமைப்படும் வீடுகளைப் பார்த்தபின் சொல்கிறேன்: வாழை சரி, கொத்தமல்லி வேண்டாம்.

வீட்டை இடித்துக் கட்டிய மனையில் மண்ணுக்குள் பழைய பூச்சு, பெயின்ட் செதில் எல்லாம் கலந்திருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவும் ஜன்னலும் எப்படியிருந்தனவோ அப்படித்தான் தூளாகி மண்ணில் கிடக்கின்றன. மண்ணோடு மண்ணாக விளையாடுவது குழந்தைகள்தான். இப்படிப்பட்ட மனைக்கு மேட்டுப்பாத்தி நல்ல தீர்வுதான், வேறு இடத்து நல்ல மண்ணைக் கொண்டு வந்து உயரமாகப் போட்டால். இருக்கிற மண்ணையே கூட்டி அள்ளி உயர்த்தினால் என்ன பயன்?

பெட்டிக்கான மரம் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை.

மரத்தைக் கரையானும் பூஞ்சணமும் தின்னாமல் காக்க, செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் கரைத்து மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் முறை ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. சி.சி.ஏ. என்பார்கள். கண்டுபிடித்தவர் நம் நாட்டவர்தான்: சொந்தி காமேசம், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில், 1933இல். கம்பங்களுக்கும் பாலங்களுக்கும் அது பெரும் வரப்பிரசாதம். ஆனால் ஆர்செனிக் பாஷாணம். மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பலகையை ஒட்டிய மண்ணில் இறங்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்தேற்றுவதை 2003 இறுதியோடு தயாரிப்பாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊர் பழைய மரக்கடையில் பச்சைச் சாயல் ஓடிய கம்பமோ பலகையோ மலிவாகக் கிடைத்தால், "மழையில் கிடந்தாலும் உளுக்காது சார்" என்று கடைக்காரர் சொன்னால், அதுவே எச்சரிக்கை. ஏன் உளுக்காது? பூச்சி வாயை வைத்தால் செத்துவிடும், அதனால்.

ரயில்வே சிலீப்பர் கட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று தூக்கி வருகிறார்கள். கறுத்து, வெயிலில் தார் வாடை வீசும் கட்டை, நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டில் ஊறியது. தோலில் பட்டாலே எரியும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வரிசையில் இருப்பது. ஆலையிலிருந்து வரும் பேக்கிங் மரச்சட்டங்களில், பேலட் என்பார்களே, பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளில் ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது. தோட்டத்துக்குள் விட வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டால் அதன் ஜாதகம் யாருக்கும் தெரியாது. ஹெச்.டி. என்றாலும், மேலே எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மிச்ச மரத்தை எரித்துச் சாம்பலைக் கீரைமேல் தூவுவது நம் பாட்டிகாலப் பழக்கம், அசுவினிக்கு நல்ல மருந்து. வேப்பங்குச்சி, தென்னை மட்டைச் சாம்பலானால் தாராளமாகத் தூவலாம். மருந்தேற்றிய மரம், பிளைவுட், பெயின்ட் அடித்த கதவு ஆகியவற்றின் சாம்பலில் ஆர்செனிக்கும் ஈயமும் எரியாமல் செறிந்து கிடக்கும். தண்ணீர் கொதிக்கவைக்க எரித்த அடுப்புச் சாம்பலை அள்ளும் முன் அதில் என்ன எரிந்தது என்று கேளுங்கள்.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பாதி புதைத்து வரப்பாக நிறுத்துவதை ஊருக்கு ஊர் பார்க்கலாம். சும்மா நிற்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. அளவுக்கு உடைக்கும்போதும், ரம்பத்தால் அறுக்கும்போதும், வெயில் மழையில் விளிம்பு பொடியும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். நுரையீரலுக்குள் போனது வெளியே வராது; நோய் தலைகாட்ட இருபது முப்பது வருடம் ஆகும். ஃபிளெக்ஸ் பேனர் வேறு. தலைவர் சிரித்துக்கொண்டிருக்கும் பேனரைப் பாத்திக்கு அடியில் விரித்தால் ஓரிரு கோடையில் நொறுங்கிப் பிளாஸ்டிக் தூளாக மண்ணில் கலந்துவிடும். பிறகு சல்லடை போட்டாலும் பிரியாது. நீல டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்பதற்கு ஒட்டியிருக்கும் லேபிள்தான் சாட்சி. லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கிறார்களானால் வாங்காதீர்கள். பழைய டயரில் மண் நிரப்புபவர்கள் உள்விளிம்பில் தேங்கும் தண்ணீரைப் பாருங்கள். அந்த அளவு நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். பைகளுக்கு அடியில் வைக்கும் தட்டும் அப்படியே.

அப்படியானால் எதில்தான் கட்டுவது? காய்ந்த நாட்டுச் செங்கல்லைச் சிமென்ட் இல்லாமல் அடுக்கினால் போதும். கருங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹாலோ பிளாக்கும் ஆகும். மரமென்றால் பனந்துண்டு, மருந்தடிக்காத சவுக்குக் கம்பு, மூங்கில். இவை உளுக்கும், கரையான் அரிக்கும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும். மாற்றுங்கள். தரையில் என்றால் சுவரே இல்லாமல் மண்ணைச் சரிவாகக் குவித்து, ஓரத்தைக் கையால் தட்டிவிட்ட மேட்டுப்பாத்தியைத்தான் நம் காய்கறி விவசாயிகள் காலங்காலமாகப் போடுகிறார்கள். அகலம் நாலு அடியைத் தாண்டாமல் இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், உள்ளே மிதிக்க வேண்டாம். பெட்டி என்பது அழகுக்குத்தான், செடி அதைக் கேட்கவில்லை.

உள்ளே நிரப்புவதிலும் கவனம் வேண்டும். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும்; கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாவிட்டால் நாற்று ஓரம் கருகும். பச்சைச் சாணியை அப்படியே போட்டால் வேர் வெந்துபோவது ஒருபுறம், அதிலுள்ள கிருமி கீரையில் ஏறுவது இன்னொருபுறம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி மக்காத எருவைப் போட்டால், மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் காய், கீரைகளை அறுக்க 120 நாள் காத்திருக்க வேண்டும். நம் கீரையோ முப்பது நாளில் தட்டுக்கு வந்துவிடும். ஆகவே மக்கிய தொழுவுரம் மட்டுமே. கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது, உதிர வேண்டும்.

மக்கிய எருவிலும் களைக்கொல்லி பிழைத்திருக்கலாம். 2008இல் இங்கிலாந்தில் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களின் தக்காளியும் அவரையும் காரணம் தெரியாமல் சுருண்டு முறுக்கிக்கொண்டன. தேடிப் பார்த்ததில், புல்வெளியில் அடித்த அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி, புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றையும் எருக்குழியையும் தாண்டி வந்து பாத்தியில் உட்கார்ந்திருந்தது. நம் ஊர் எருவில் அதே மருந்து இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. களைக்கொல்லி அடிக்காத வயல் அருகிவரும் காலத்தில், வைக்கோலும் எருவும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சந்தேகமிருந்தால் இரண்டு தொட்டியில், ஒன்றில் அந்த எரு கலந்து, மற்றதில் கலக்காமல், தட்டைப்பயறு போடுங்கள். மூன்று வாரத்தில் முதல் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போல் சுருண்டு நரம்பு முறுக்கினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

பாத்தி தயார், காய் பிடித்துவிட்டது. இப்போது எலி வரும், பெருச்சாளி வரும், அணில் வரும், மேற்கு மாவட்டங்களில் மயிலும் வரும். மனிதர்கள் நிதானம் இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

மின்சாரக் கம்பி. வீட்டு பிளக்கிலிருந்து 230 வோல்ட்டை நேராக ஒரு கம்பியில் கொடுத்து, பாத்தியைச் சுற்றிக் கட்டிவிட்டு, காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று படுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகாலையில் பூப்பறிக்க வந்த அம்மா, பந்தெடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன், போதையில் வழிதவறி வந்தவர், யாராக இருந்தாலும் அந்தக் கம்பி ஆள் பார்க்காது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்து விழுந்தன. யானைக்கே அந்தக் கதி. இது குற்றம், உயிர் போனால் சிறை. இதற்கு மேல் இதில் விவாதமே கிடையாது.

எலி மருந்து. பேஸ்ட் வடிவில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கறுப்புத் தூளாக வரும் சிங்க் பாஸ்பைடு வயிற்றுக்குள் போனதும் பாஸ்பின் என்ற நச்சு வாயுவாகும். வளையில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே அதே வாயுவைக் கக்கும்; வளை எங்கே போய் முடிகிறது, சமையலறைத் தரைக்கு அடியிலா என்று நமக்குத் தெரியாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில். தக்காளித் துண்டில் மருந்து தடவிப் பாத்தியோரம் வைப்பவர்கள் ஒருகணம் யோசியுங்கள்: தக்காளித் தோட்டத்தில் தக்காளித் துண்டு கிடந்தால் குழந்தை அதை எடுக்காதா? மருந்து தின்ற எலியைக் காக்கையும் பூனையும் ஆந்தையும் தின்னும். எலியைப் பிடிக்க வரும் ஆந்தையைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

எலிக்கு வழி, கட்டும்போதே செய்வது. பாத்திக்கு அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ்ஷை விரித்து, ஓரத்தைச் சுவரோடு மேலே மடக்கிவிட்டால் பெருச்சாளி எவ்வளவு பறித்தாலும் உள்ளே வர முடியாது. ஹாலோ பிளாக்கின் துளைகளை மண்ணாலோ சிமென்டாலோ அடையுங்கள்; திறந்து கிடந்தால் அதுவே எலிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. மிச்சம் வருவதற்குப் பொறியும் கிட்டியும் போதும்.

மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று செடிமேல் போர்த்தாதீர்கள். அதில் சிக்குவது சாரைப்பாம்பு, ஓணான், குயில். சிக்கிய சாரையை அறுத்து விடுவிக்கப் போய்க் கடி வாங்குவது வேறு. கண் சிறிய பூச்சித்தடுப்பு வலையைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பூசணி, பாகல் பூக்கும் நேரத்தில் காலையில் வலையைத் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் தேனீ வராது, பிஞ்சு வெம்பி விழும். மயிலின் மேல் கல்லெறிவதற்கு முன் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பூச்சி மருந்துக்கு ஒரு பத்தி போதும். ஊரில் வயலுக்கு வாங்கி மிஞ்சியதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பும் பாசத்தை ஏற்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கவே கூடாது என்று நம் நாட்டில் தடை இருக்கிறது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு தின்ற 23 குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் சமையல் எண்ணெயில் கலந்திருந்த இதே மருந்துதான். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வீட்டுத் தோட்டத்துக்கு இது போதவில்லையென்றால் அந்தச் செடியைப் பிடுங்கிப் போடலாம். இயற்கை என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. புகையிலைக் கரைசலிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அதைக் கையுறை இல்லாமல் பிழிபவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

மழைக்காலத்தில் கைப்பிடி அளவு ஆப்பிரிக்க நத்தைகள் பாத்தியில் ஏறினால் வெறுங்கையால் தொடாதீர்கள். எலியிடமிருந்து வரும் நுண்புழு அதன் உடலில் இருக்கலாம். மனித மூளையுறையைத் தாக்கும். உப்புக் கரைசல் வாளியில் கையுறையோடு பொறுக்கிப் போடுங்கள். அது ஊர்ந்த கீரையைப் பச்சையாகச் சாலட்டில் போட வேண்டாம்.

கடைசியாகப் பாம்பு. எலி இருக்கும் இடத்துக்கு அது வரும். ஈரமும் நிழலும் மூடாக்கு வைக்கோலும் செங்கல் இடுக்கும் அதற்குப் பிடித்தவை. வீட்டோரம் உபரிச் செங்கலைக் குவித்துவைக்காதீர்கள். மூடாக்கைக் கையால் விலக்காமல் களைக்கொத்தால் விலக்குங்கள். இருட்டிய பிறகு தண்ணீர் விடப் போனால் விளக்கும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், கடித்த இடம் சிலநேரம் வலிக்கவே வலிக்காது. கடிபட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போகும் வேலையில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். நம் நாட்டில் கொடுக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அதற்கான நஞ்சை மாமல்லபுரத்துக்குப் பக்கத்து வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள். மருந்து மருத்துவமனையில் இருக்கிறது, பெட்டிக்கடையிலோ மந்திரிப்பவரிடமோ இல்லை.